ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் போதுமா?



ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். சோறு வெந்ததா, வேகவில்லையா என்று பார்க்க அது போதும். ஒரு பருக்கையை எடுத்து நசுக்கினால் பானை முழுவதும் தெரிந்து விடும். ஆனால் அதே சோற்றில் நோய்க்கிருமி இருக்கிறதா என்று கேட்டால், அந்த ஒரு பருக்கை பதில் சொல்லாது. கிருமி பானையின் ஒரு மூலையில் இருக்கும். இன்னொரு மூலையில் இருக்காது. கண்ணுக்குத் தெரியாது. பல சமயம் வாடை வராது, ருசியும் மாறாது. "நல்லாத்தானே இருந்துச்சு, மோந்து பாத்துட்டுத்தானே பிள்ளைக்குப் போட்டேன்" என்று ஆஸ்பத்திரி வாசலில் அழுகிற தாயைக் குறை சொல்லி என்ன பயன்? மூக்குக்கு எட்டாத எதிரி அது.

அந்த எதிரியைக் கண்டுபிடிக்க இப்போது உள்ளங்கையில் அடங்கும் சின்னஞ்சிறு ஆய்வுக்கூடங்கள் வந்திருக்கின்றன. அவை எப்படி வேலை செய்கின்றன? அவற்றை எவ்வளவு தூரம் நம்பலாம்? தோட்டத்து மக்களாகிய நமக்கு அவற்றால் என்ன லாபம்? இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

நம் வீட்டுப் பக்கத்திலேயே நடந்தவை

இது ஏதோ வெளிநாட்டு விவகாரம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 2024 ஜூன் மாதம், செலாயாங் அடங்கிய இதே கோம்பாக் மாவட்டத்தில், ஒரு சமயப் பள்ளி நிகழ்ச்சியில் உணவு சாப்பிட்ட 80க்கும் மேற்பட்டோர் நச்சுணவால் பாதிக்கப்பட்டார்கள். 17 வயது மாணவர் ஒருவரும், 2 வயதுக் குழந்தை ஒன்றும் இறந்து போனார்கள். 2018இல் கெடா, பாலிங்கில் லக்சா சாப்பிட்டவர்களில் 2 பேர் இறந்தார்கள். 2013இல் அதே கெடாவில் ஒரு கல்யாண விருந்தில் கோழிக் குழம்பு சாப்பிட்ட 4 பேர் மாண்டார்கள். இந்தக் கெடா சம்பவங்கள் இரண்டிலும் அகப்பட்ட குற்றவாளியின் பெயர் சால்மோனெல்லா. கோழியிலும் முட்டையிலும் குடியிருக்கும் கிருமி.

பள்ளி நிகழ்ச்சி, கடைச் சாப்பாடு, கல்யாண விருந்து. மூன்றும் நமக்குப் பழக்கமானவைதானே? நம் தோட்டத்திலும் திருவிழா இல்லையா? செம்பனைத் தோட்டத்தில் குத்தகைக்காரர் கொண்டு வரும் பொட்டலச் சோற்றை வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் இல்லையா? ஆயாக் கொட்டகையில் பிள்ளைகள் ஒரே பாத்திரத்துக் கஞ்சி குடிப்பதில்லையா?

பழைய முறையும் புதிய கருவியும்

உணவில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் பழைய முறை பொறுமைசாலிகளின் முறை. உணவில் 25 கிராம் எடுத்து, கிருமிக்குத் தீனியான சத்து நீரில் கலந்து, உடம்புச் சூட்டில் ஒரு நாள் வைப்பார்கள். பிறகு வேறொரு நீரில் வளர்ப்பார்கள். அதன் பிறகு கண்ணாடித் தட்டில் தடவி, புள்ளி புள்ளியாக முளைக்கிறதா என்று பார்ப்பார்கள். சால்மோனெல்லாதான் என்று அடித்துச் சொல்ல 3 நாளிலிருந்து 5 நாள் பிடிக்கும். அதற்குள் சாப்பிட்டவன் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பான். விற்றவன் அடுத்த பானையையும் விற்று முடித்திருப்பான்.

இந்தத் தாமதத்தைக் குறைக்கத்தான் சின்ன ஆய்வுக்கூடம் வந்தது. 1990இல் ஆண்ட்ரியாஸ் மான்ஸ் என்ற விஞ்ஞானி, சுவிட்சர்லாந்தில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்தபோது, சோதனைக்கு வேண்டிய எல்லா வேலைகளையும் ஒரு சின்னத் தகட்டுக்குள் அடக்கிவிடலாம் என்ற யோசனையை எழுதி வெளியிட்டார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இந்தத் துறை. அடையாள அட்டை அளவு பிளாஸ்டிக் தகடு ஒன்று. அதற்குள் தலைமுடியைப் போல மெல்லிய வாய்க்கால்கள். ஒரு சொட்டு நீரை இந்தப் பக்கம் விட்டால் அது தானாகவே ஓடும். வழியில் மருந்தோடு கலக்கும், சூடாகும், கடைசியில் நிறம் மாறியோ கோடு காட்டியோ பதில் சொல்லும்.

இதைப் புரிந்துகொள்வது நமக்குக் கஷ்டமே இல்லை. 2020 ஏப்ரலில் கோவிட் காலத்தில் செலாயாங் சந்தைப் பகுதியை முள்வேலி போட்டு அடைத்தார்களே, யார் மறந்தோம்? அடுத்த ஆண்டே ஆர்.டி.கே. சோதனைப் பெட்டிகள் கடைக்கு வந்தன. மூக்கில் விட்டு எடுத்தோம், சொட்டு விட்டோம், ஒரு கோடா இரண்டு கோடா என்று பார்த்தோம். வீட்டுக்கு வீடு நாமே ஆய்வுக்கூடம் நடத்தினோம்! உணவுக் கிருமிக்கும் அதே மாதிரிக் கோட்டுப் பட்டைகள் இருக்கின்றன. பூட்டுக்கு ஒரு சாவி போல, ஒரு குறிப்பிட்ட கிருமியை மட்டும் பிடித்துக்கொள்ளும் மருந்தை அந்தப் பட்டையில் தடவியிருப்பார்கள். கிருமி வந்து மாட்டினால் கோடு விழும்.

இன்னொரு வகையும் உண்டு. கிருமியின் மரபுப் பொருளைப் பல கோடி மடங்காகப் பெருக்கிக் கண்டுபிடிப்பது. 2000ஆம் ஆண்டில் ஜப்பானியர்கள் வெளியிட்ட ஒரு முறையில், 60லிருந்து 65 டிகிரி சூட்டில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வைத்தாலே போதும். பெரிய இயந்திரம் தேவையில்லை. சூட்டை ஒரே நிலையில் வைத்திருக்கும் சின்னப் பெட்டி போதும்.

மூன்றாவது வகை கொஞ்சம் வேடிக்கையானது. கோல சிலாங்கூர், கம்போங் குவாந்தானில் ஆற்றங்கரை மரங்களில் மின்மினிகள் மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். மின்மினியின் வயிற்றில் வெளிச்சம் உண்டாக்கும் அதே சரக்கை ஒரு குச்சியில் வைத்திருக்கிறார்கள். சமையல் பலகையைத் துடைத்துக் கையடக்கக் கருவியில் போட்டால், அழுக்கு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு வெளிச்சம் வரும். ஒரு நிமிடத்துக்குள் பதில். ஆனால் எந்தக் கிருமி என்று அது சொல்லாது. 'பலகை சரியாகக் கழுவப்படவில்லை' என்று மட்டும் காட்டிக் கொடுக்கும். பெரிய உணவுத் தொழிற்சாலைகளில் இது புழக்கத்தில் உள்ளது.

நம் நாட்டவரும் இதில் சளைத்தவர்கள் அல்ல. கிளந்தானில் டைஃபாய்டு என்ற குடற்காய்ச்சல் மக்களை வாட்டியபோது, குபாங் கெரியானில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக வளாகத்தில் டாக்டர் அஸ்மா இஸ்மாயில் தலைமையிலான குழு, 1990களில் டைஃபிடாட் என்ற விரைவுச் சோதனையைக் கண்டுபிடித்தது. பல நாள் காத்திருந்த முடிவு சில மணி நேரத்தில் கைக்கு வந்தது. வெளிநாடுகளுக்கும் போனது. அது உணவைச் சோதிப்பதல்ல, நோயாளியின் இரத்தத்தைச் சோதிப்பது. இருந்தாலும், பெரிய ஆய்வுக்கூடம் இல்லாத இடத்துக்கும் சோதனையைக் கொண்டு போக முடியும் என்பதை நம் மண்ணிலேயே நிரூபித்த காரியம் அது. டாக்டர் அஸ்மா பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார்.

ஒரு சொட்டின் பொய்

சரி, இவ்வளவு கெட்டிக்காரக் கருவி வந்துவிட்டதே, வீட்டுக்கு ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் பிரச்சினை தீர்ந்ததா? இங்கேதான் நாம் நிதானமாக யோசிக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். சமைத்த உணவில் 25 கிராம் எடுத்தால் அதில் ஒரு சால்மோனெல்லா கூட இருக்கக் கூடாது என்பது சோதனை விதி. அந்த 25 கிராமை 225 மில்லி சத்து நீரில் கலக்கிறார்கள். மொத்தம் ஏறக்குறைய 250 மில்லி. ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்று வைத்தால் 5,000 சொட்டு. அதில் ஒரே ஒரு கிருமி இருந்தால், நம் சின்னக் கருவிக்குள் விடும் ஒரு சொட்டில் அது அகப்பட 5,000த்தில் ஒரு வாய்ப்புதான். 4,999 தடவை கருவி 'கிருமி இல்லை' என்று சொல்லும். கருவி பொய் சொல்லவில்லை. அந்தச் சொட்டில் கிருமி இல்லை, அவ்வளவுதான். பானையில் இருக்கிறது!

அதனால்தான் எவ்வளவு புதிய கருவியாக இருந்தாலும், முதலில் அந்தச் சத்து நீரைப் பல மணி நேரம், பெரும்பாலும் ஓர் இரவு, வைத்துக் கிருமியைப் பெருக விட்டுத்தான் சொட்டு எடுக்கிறார்கள். 5 நாள் வேலை ஒன்றிரண்டு நாளாகச் சுருங்குகிறது. அது பெரிய லாபம். ஆனால் பசியாற உட்காருகிற நேரத்தில், தட்டில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்துவிட்டுச் சாப்பிடலாம் என்கிற காலம் இன்னும் வரவில்லை. அப்படிச் சொல்லிக் கைத்தொலைபேசியில் யாராவது கருவி விற்றால், உழைத்த வெள்ளியைக் கொண்டு போய்க் கொட்டாதீர்கள்.

இன்னொரு சங்கதி. சில கிருமிகள் செத்த பிறகும் அவை கக்கிய நஞ்சு சாகாது. பால் வெட்டுகிறவர்களுக்குக் கத்திக் காயம், செம்பனையில் வேலை செய்கிறவர்களுக்கு முள் குத்திய காயம் சர்வ சாதாரணம். அந்தக் காயம் சீழ் வைத்திருந்தால் அதில் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமி நிறைய இருக்கும். அந்தக் கையோடு பிசைந்த உணவு வெதுவெதுப்பாகக் கிடந்தால், கிருமி பெருகி நஞ்சைக் கக்கும். பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் நஞ்சு போகாது. வெளியே வைத்த பழைய சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் நஞ்சும் அப்படித்தான். "சூடு பண்ணிட்டா எல்லாம் செத்துடும்" என்பது பாதி உண்மைதான். கிருமியைத் தேடும் கருவிக்கும் இந்த நஞ்சு அகப்படாது. நஞ்சைத் தேட வேறு சோதனை வேண்டும்.

பெருகும் வேகத்தையும் கேளுங்கள். ஏற்ற சூடு கிடைத்தால் ஒரு கிருமி 20 நிமிடத்தில் இரண்டாகும். காலை 4 மணிக்குப் பிரட்டுக்குப் போகும் அவசரத்தில் தூக்குச்சட்டியை மூடும்போது ஒரு கிருமி விழுந்தது என்று வையுங்கள். 11 மணிக்கு அது 20 லட்சத்தைத் தாண்டிவிடும்!

கழுவிய பானை பேசாது

அப்படியானால் இந்தக் கருவிகளால் நமக்குப் பயனே இல்லையா? இருக்கிறது. ஆனால் அந்தப் பயன் நம் கைக்கு வர, நாம் ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டும்.

ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். கோயில் விருந்து முடிந்த அன்று இரவே லயத்தில் பாதி வீட்டில் வாந்தியும் பேதியும். யாரோ சொன்னார்கள், உடனே மிச்ச மீதியைக் குழி வெட்டிக் கொட்டினார்கள். பானைகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தார்கள். சுத்தம் நல்லதுதானே என்ற எண்ணம். மூன்றாம் நாள் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தபோது பானை பளபளவென்று மின்னியது. எதைச் சோதிப்பார் அவர்? கறியா, தயிரா, தண்ணீரா, வெளியிலிருந்து வந்த பலகாரமா என்று கடைசி வரை தெரியவில்லை. பழி மட்டும் சமைத்த பாட்டியின் தலையில் விழுந்தது. "அந்தம்மா கை சரியில்ல" என்று லயமே பேசியது. 30 வருஷமாகத் திருவிழாவுக்குச் சோறு பொங்கிய அந்தம்மா, அதற்குப் பிறகு கரண்டியைத் தொடவில்லை. குற்றவாளியா, நிரபராதியா என்று சொல்லியிருக்கக் கூடிய ஒரே சாட்சியைக் குழியில் கொட்டியாயிற்று.

ஜப்பான்காரர்கள் இந்தப் பாடத்தைப் பெரிய விலை கொடுத்துப் படித்தார்கள். 1996 ஜூலையில் சக்காய் என்ற நகரத்தில் பள்ளி மதிய உணவிலிருந்து ஈ.கோலை ஓ157 என்ற கிருமி பரவி, 9,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். 3 பிள்ளைகள் இறந்தார்கள். அந்தக் கிருமி சாப்பிட்ட அன்றே வேலையைக் காட்டாது, சில நாள் கழித்துத்தான் காட்டும். அதற்குள் மிச்ச உணவு போய்விடும். அதன் பிறகு அங்கே பெரிய சமையல்கூடங்களுக்குக் கண்டிப்பான வழிகாட்டி வந்தது: சமைத்த ஒவ்வொரு பண்டத்திலும் 50 கிராம் எடுத்து, உறை நிலைக்கும் கீழே 20 டிகிரி குளிரில் 2 வாரம் பாதுகாத்து வைக்க வேண்டும். நோய் வந்தால் எடுத்துக் கொடுக்க வேண்டும். இவ்வளவுதான். ஒரு கைப்பிடி உணவு!

கருவி நீதிபதி மாதிரி. சாட்சி வந்து நின்றால்தான் தீர்ப்பு. நம் கையில் இருக்கும் சாட்சி அந்த மிச்ச உணவு.

நாம் செய்ய வேண்டியவை

1. சாப்பிட்ட பிறகு இரண்டு மூன்று பேருக்கு ஒரே மாதிரி வாந்தி, பேதி, காய்ச்சல் வந்தால் மிச்சத்தைக் கொட்டாதீர்கள். கையால் தொடாமல், சுத்தமான கரண்டியால் சுத்தமான டப்பாவிலோ புதிய பிளாஸ்டிக் பையிலோ போட்டு இறுக மூடுங்கள்.

2. அதை ஐஸ் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். என்ன உணவு, எங்கே வாங்கியது, எத்தனை மணிக்குச் சாப்பிட்டது என்று ஒட்டி வையுங்கள். 'சாப்பிடாதே' என்று பெரிதாக எழுதுங்கள். பிள்ளைகள் கை வைத்துவிடும்!

3. கடைப் பொட்டலமானால் காகிதத்தையும் ரசீதையும் தூக்கிப் போடாதீர்கள்.

4. உடனே அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். குழந்தை, கர்ப்பிணி, முதியவர் என்றால் ஒரு மணி நேரம் கூடத் தாமதிக்காதீர்கள். மலத்தில் இரத்தம், தண்ணீர் குடித்தாலும் நிற்காத வாந்தி, சிறுநீர் வராமை, மயக்கம் ஆகியவை ஆபத்து அறிகுறிகள். டாக்டரிடம் "இத்தனை பேர் ஒரே உணவு சாப்பிட்டோம்" என்று சொல்லுங்கள். 1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி நச்சுணவு கட்டாயம் அறிவிக்கப்பட வேண்டிய நோய். 24 மணி நேரத்துக்குள் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தகவல் போக வேண்டும். டாக்டர் உபகாரம் செய்வதல்ல அது, சட்டம்.

5. நோய்ச் சீட்டு வாங்குங்கள். வேலைச் சட்டப்படி சம்பளத்துடன் நோய் விடுப்பு உண்டு. 2 வருஷத்துக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 14 நாள், 2லிருந்து 5 வருஷத்துக்குள் 18 நாள், 5 வருஷமும் அதற்கு மேலும் 22 நாள். 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குச் சொல்லிவிடுங்கள். "வயித்துப் போக்குக்கெல்லாம் லீவா?" என்று மண்டோர் கேட்டால் சீட்டைக் காட்டுங்கள்.

6. கையில் காயம், சீழ், பேதி உள்ளவர் அன்றைக்குச் சமையலில் கை வைக்க வேண்டாம். சூடான உணவை 60 டிகிரிக்கு மேல் ஆவி பறக்க வையுங்கள். இல்லையேல் சீக்கிரம் ஆற்றிக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். இரண்டும் இல்லாத வெதுவெதுப்புதான் கிருமியின் வீடு.

நாம் கேட்க வேண்டியவை

எல்லாவற்றையும் தொழிலாளி தலையிலேயே கட்டிவிட்டால் அது நியாயமாகாது. கேட்க வேண்டிய இடத்தில் கேட்போம்.

கூலியாட்களுக்குச் சாப்பாடு சப்ளை செய்கிற குத்தகைக்காரர், தினமும் ஒவ்வொரு பண்டத்திலும் ஒரு சிறு டப்பா எடுத்துக் குளிர்ப்பெட்டியில் சில நாள் வைத்திருக்கட்டும். அதற்கு எத்தனை வெள்ளி செலவாகப் போகிறது? சமைக்கிறவர்கள் பயிற்சி பெற வேண்டும், டைஃபாய்டு தடுப்பூசி போட வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் உணவுத் தூய்மை விதிகள் சொல்கின்றன. அந்தச் சான்றிதழைப் பார்க்கக் கேட்பதில் தப்பில்லை. அசுத்தமான உணவு இடத்தை 14 நாள் வரை இழுத்து மூட 1983ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்தில் அதிகாரம் இருக்கிறது. தொழிலாளி தங்குமிடத்தில் போதுமான குழாய்த் தண்ணீரை இலவசமாகக் கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் கூறுகிறது. தண்ணீர் இல்லாத இடத்தில் "கையைக் கழுவு" என்று போதிப்பது கேலிக்கூத்து.

இன்று தோட்டங்களில் நம்மோடு வங்காளதேசத்து, இந்தோனேசிய, நேப்பாளத் தொழிலாளர்கள் வேலை செய்கிறார்கள். பாஷை தெரியாமல், யாரிடம் சொல்வது என்று தெரியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொங்சியில் சுருண்டு கிடப்பவர்கள் அவர்கள். அவர்கள் சாப்பிட்ட பொட்டலத்தையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஒரே குத்தகைக்காரரின் ஒரே பானைதான். இன்றைக்கு அவர்கள் வயிறு, நாளைக்கு நம் வயிறு.

கோயில் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தைப்பூசத்தன்று பத்துமலையில் தண்ணீர்ப் பந்தல் போட்டுப் பல்லாயிரம் பேருக்கு அன்னமிடுகிறோம். புண்ணியமான காரியம். அந்த அன்னத்தில் ஒரு டப்பா எடுத்துத் தேதி ஒட்டிக் குளிர்ப்பெட்டியில் வைத்தால், புண்ணியத்தோடு பாதுகாப்பும் சேரும். யாருக்காவது ஏதாவது நேர்ந்தால், நம் சமையல்மேல் தப்பில்லை என்று காட்டவும் அதுவே உதவும்.

கருவிகள் இன்னும் சின்னதாகும், இன்னும் வேகமாகும், விலையும் குறையும். சுகாதார இன்ஸ்பெக்டர் மோட்டார் வண்டியிலேயே ஆய்வுக்கூடத்தை வைத்துக்கொண்டு லயத்து வாசலில் வந்து இறங்கும் நாளும் வரலாம். வரட்டும், வரவேற்போம். ஆனால் அவர் வந்து நின்று "எங்கே அந்தச் சாப்பாடு?" என்று கேட்கும்போது, "கொட்டிட்டோமுங்க" என்று கையை விரித்தால், எந்த விஞ்ஞானமும் நமக்கு உதவாது.

ஒரு பானைக்கு ஒரு சோறு பதம் போதாது. ஒரு கைப்பிடி மிச்சம் வேண்டும். அதை எடுத்து வைப்போம்!